ஏழாம் பிரிவில் இல்லாத வாக்கியம்

ஒப்பந்தப் பத்திரத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை, இருப்பதுபோல வாசித்துக் காட்டினேன். அதுதான் நான் செய்தது.

அதை நம்பி ஒரு பெண்மணி கையொப்பமிட்டார். அந்தக் கையொப்பத்தை வைத்து ஒரு திரைப்படம் எடுத்தார்கள். அந்தத் திரைப்படத்தால், வீடு வீடாகக் கதவு தட்டிப் பிழைத்த ஒரு மனிதர் இன்று எந்தக் கதவையும் தட்டுவதில்லை.

நான்கு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட இல்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் உங்களை எனக்குத் தெரியாது. நாளைக்குப் பஸ்ஸில் நீங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் நான் முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை. என் துணிச்சல் அவ்வளவுதான்!

நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன். வீடு கட்டுகஸ்தோட்டையில், தொழில் கண்டி நகரில், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு... சிங்களத்தில் இருப்பதைத் தமிழாக்குவேன், தமிழில் இருப்பதைச் சிங்களமாக்குவேன். அடியில் ‘மூலத்துக்கு அமைவான உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று எழுதி முத்திரை குத்துவேன். இருபது வருடமாக அந்த முத்திரையைக் குத்திக்கொண்டிருக்கிறேன்.

சனங்கள் கடதாசியோடு வந்து நிற்பார்கள். “சேர், இதுல என்னா போட்டிருக்கு?” என்று கேட்பார்கள். நான் வாசித்துச் சொல்வேன். அவர்களைப் பொறுத்தவரை நான் சொன்னதுதான் கடதாசி. வேறு யாரிடமும் கொண்டுபோய்க் காட்டிச் சரிபார்க்க மாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் என் அடுப்பு எரிகிறது.

இப்போது புரிகிறதா, நான் எதைக் கொண்டு குற்றம் செய்தேன் என்று?

குண்டசாலையில் புவனேஸ்வரி டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தனியாள். வாழ்நாளில் ஒரேயொரு நாவல் எழுதினார். அது ஒரு கொலை மர்ம நாவல். இந்த நாட்டில் தமிழ் நாவல் என்றால் அச்சிட்டதில் பாதி எழுதியவரின் கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கும். இதுவோ பஸ்ஸிலும் வங்கி வரிசையிலும் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் வாங்கிலும் கை மாறி மாறிப் போனது. நான் அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தேன். சிங்களத்தில் அது இன்னும் பேயாட்டம் ஆடியது. அந்த மொழிபெயர்ப்பில் நான் ஒரு காற்புள்ளியைக்கூட இடம் மாற்றவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்... நேர்மையாக இருக்கத் தெரியாதவன் அல்ல நான்.

நாவலின் கதை இதுதான். ஒரு பள்ளிக்கூடம். விடுதிப் பொறுப்பாளர் ஆய்வுகூடத்தின் பின்படிக்கட்டில் செத்துக் கிடக்கிறார். ஆய்வுகூடத்துச் சாவி ஆறுமுகம் என்ற சிற்றூழியரிடம் இருக்கிறது. எல்லோரும் ஆறுமுகத்தைச் சந்தேகிக்கிறார்கள். வாசிக்கிற நீங்களும் சந்தேகிப்பீர்கள். கடைசி அத்தியாயத்தில்தான் கொன்றவர் உப அதிபர் என்று தெரியவரும். ஆறுமுகத்தை ஆசிரியர்களின் அறைக்குள் கூப்பிட்டு, ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்கிறார்கள். அத்தோடு நாவல் முடிகிறது.

ஆறுமுகத்துக்கு ஒரு பழக்கம். எந்த அறைக்குள் நுழைவதானாலும் மடித்த விரலால் இரண்டு தரம் தட்டுவார். டொக்... டொக். கதவு விரியத் திறந்திருந்தாலும் நிலையில் தட்டிவிட்டுத்தான் காலை வைப்பார். டீச்சர் அதை அவ்வளவு பிரியமாக எழுதியிருந்தார்.

கண்டியில் அந்தத் தட்டைக் கேட்டுப் பழகியவர்கள் பலர். ஏனென்றால் ஆறுமுகம் கற்பனை மனிதர் அல்ல. அவருடைய உண்மையான பெயர் வேலாயுதம். மஹய்யாவையில் இருக்கிறார்.

யுத்த காலத்தில், டீச்சர் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் உண்மையாகவே ஒருவர் படிக்கட்டில் விழுந்து இறந்தார். விழுந்தாரா, தள்ளப்பட்டாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆய்வுகூடச் சாவி வேலாயுதத்திடம் இருந்தது. பொலிசார் அவரைக் கொண்டுபோனார்கள். சில வாரம் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஊர் விட்டுவிடுமா? ‘ஒன்றும் இல்லை’ என்பதை ‘ஒன்றும் நிரூபிக்க முடியாமல் போயிற்று’ என்று மாற்றிச் சொல்லிக்கொண்டது. பள்ளிக்கூடம் அவரைத் திரும்ப எடுக்கவில்லை. அதன் பிறகு அவர் ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கினார். மஹய்யாவை, கட்டுகஸ்தோட்டை, வத்துகாமத்துப் பாதை... டொக், டொக். சில வீடுகள் திறக்கும். பல வீடுகள் திறக்காது.

நாவல் வந்த பிறகு நிலைமை மாறியது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஒழுங்கையில் இருபது வருடமாகக் கதவைத் திறக்காதவர்கள் திறந்தார்கள். “நீங்கதானே அந்த ஆறுமுகம்?” என்று சிரித்தார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டு வாசலில் நின்று அவர் சொன்னார்: “சேர், இப்பெல்லாம் நான் தட்டி முடிக்கிறதுக்குள்ள கதவு தொறக்குது சேர்.”

அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

நாவலைப் படமாக்க ஓர் இயக்குநர் வந்தார். சிங்களவர், என்னைவிட இளையவர். என்னுடைய மொழிபெயர்ப்பை வாசித்துவிட்டு என்னைத் தேடி வந்தார். டீச்சரிடம் பேச நான்தான் வேண்டும். டீச்சருக்குத் தெரிந்தது மரக்கறி வாங்குகிற சிங்களம். இயக்குநருக்குத் தெரிந்த தமிழ் ‘வணக்கம்’ மட்டும். இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

டீச்சரின் சம்மதம் கேட்க முதலில் நான் மட்டும் குண்டசாலைக்குப் போனேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பிறகு சொன்னார்:

“தம்பி, அண்டைக்கு மத்தியானம் அந்த மனுசனைக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியிலை நான் என்ரை கண்ணாலை கண்டனான். மனுசிக்குச் சுகமில்லையெண்டு பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு நிண்டவர். பள்ளிக்கூடத்திலை சாவு நடந்த அதே நேரம். பொலிசிலை போய்ச் சொல்லியிருக்கவேணும். யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டையோடை போகப் பயந்திட்டன். வாய் திறக்கேல்லை. அதுக்குத்தான் தம்பி இந்த நாவல். கதையெழுத எனக்கென்ன தலையெழுத்தே?”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“எதை வேணுமெண்டாலும் மாத்தச் சொல்லுங்கோ. பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கட்டும், என்னைக் கிழவியாக்கட்டும்... ஆறுமுகத்தை மட்டும் குற்றவாளியாக்கிப் போடவேண்டாம். அதை எழுத்திலை வாங்கித் தாங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்.”

“சரிங்க டீச்சர். எழுத்துலயே வாங்கித் தர்றேன்.”

அப்படிச் சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன். நம்புங்கள்... அல்லது நம்பாமல் விடுங்கள். நான் எதை வாசித்துக் காட்டினாலும் நீங்கள் நம்பத்தானே வேண்டியிருக்கிறது!

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். நன்றாக விற்ற மர்ம நாவலைப் படமாக்குவதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. கொலைகாரன் யாரென்று ஊருக்கே தெரியும். இயக்குநர் முதல் நாளே என்னிடம் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: புத்தகம் வாசித்தவன் இடைவேளைக்கு முன்பே பக்கத்து இருக்கைக்காரனின் காதில் சொல்லிவிடுவான், வேறு ஒரு கொலைகாரன் வேண்டும், ஆனால் கதை உடையவும் கூடாது. “யோசித்துப் பாருங்கள். நல்ல யோசனை தந்தால் திரைக்கதை என்ற இடத்தில் உங்கள் பெயரும் வரும்” என்றார்.

திரைக்கதை! அதுவரை என் பெயர் முத்திரையின் வட்டத்துக்குள் மட்டுமே இருந்தது. மற்றவர்களின் பிறப்புக்கும் இறப்புக்கும் அடியில். திரை முழுக்க, ஆளுயர எழுத்தில் என் பெயர்... அதை நினைத்துப் பார்த்தபோதே எனக்குள் ஏதோ இளகிப்போயிற்று.

டீச்சரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுக் கண்டி பஸ்ஸில் ஏறினேன். இடமில்லை, மிதிபலகைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு தரிப்பிடத்தில் ஆட்களை ஏற்றிவிட்டு, புறப்படலாம் என்று நடத்துநர் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தரம் தட்டினார்.

டொக்... டொக்.

அந்த இடத்தில் எனக்கு யோசனை வந்தது. படத்தில் கொலைகளைக் கூட்டலாம். ஒவ்வொரு கொலைக்கும் முன்னால் இரண்டு தட்டு. முதல் பாதி முழுக்க அது வெறும் மரியாதை. அந்த அப்பாவிச் சிற்றூழியரின் பழக்கம். புத்தகம் வாசித்தவன் அவரைச் சந்தேகிக்கவே மாட்டான். அவர் நிரபராதி என்று அவனுக்குத்தான் தெரியுமே! கடைசியில் உப அதிபர் தன் அறையைப் பூட்டிக்கொண்டு, தப்பிவிட்டோம் என்று உட்கார்ந்திருக்கும்போது... கதவில் டொக், டொக்.

எனக்கு உடம்பு புல்லரித்தது. வாக்குக் கொடுத்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. டீச்சர் கொடுத்த தேத்தண்ணியின் இனிப்பு இன்னும் நாக்கில் இருந்தது.

அந்த யோசனை கெட்ட யோசனையாக இருந்திருக்கக் கூடாதா? சப்பென்று இருந்திருக்கக் கூடாதா? அது நல்ல யோசனை. அதுதான் என்னைக் கெடுத்தது.

இயக்குநர் வாவிக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கு நேரே போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: மிஸ் சம்மதித்தாரா? ஏதாவது நிபந்தனை சொன்னாரா?

“சம்மதம்தான். நிபந்தனை ஒன்றும் இல்லை” என்றேன் நான்.

பிறகு என் யோசனையைச் சொன்னேன். மேசையில் விரலால் தட்டியும் காட்டினேன். அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். சற்று நேரம் கழித்து, “மிஸ்ஸுக்கு மனம் நோகாதா?” என்று கேட்டார். “எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள் என்றுதான் சொன்னார்” என்றேன். பாருங்கள், அது பொய்கூட இல்லை. பாதி வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்த்தேன்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிட டீச்சரின் வீட்டு முன்னறையில் மூவரும் கூடினோம். பத்திரம் முழுக்கச் சிங்களத்தில். டீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, “எழுத்து வடிவாய்த்தான் இருக்கு” என்று சிரித்து என்னிடம் தள்ளினார். நான் ஒவ்வொரு பிரிவாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். இயக்குநர் மரியாதையாகக் கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்; ஒரு சொல்லும் விளங்காமல்.

ஆறு பிரிவுகளை ஒழுங்காகத்தான் சொன்னேன்.

“தம்பி, அந்த விசயம்?” என்றார் டீச்சர்.

“ஏழாவதுல இருக்கு டீச்சர்.”

ஏழாம் பிரிவு, சுவரொட்டியில் மூல ஆசிரியரின் பெயர் எந்த இடத்தில் வரும் என்பது பற்றியது. அதன் கீழே விரலை வைத்து ஓட்டிக்கொண்டு நான் வாசித்தேன்: “ஆறுமுகம் எனும் பாத்திரம் குற்றமற்றவர் என்ற நிலை, திரைக்கதையின் எக்கட்டத்திலும், எக்காரணம் கொண்டும் மாற்றப்படலாகாது.”

எவ்வளவு அச்சொட்டான சட்டத் தமிழ்! முதல் நாளே எழுதி, மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாழ்நாளெல்லாம் பிறர் எழுதியதை மொழிபெயர்த்த நான் சொந்தமாக இயற்றிய சிறந்த வாக்கியம் அதுதான்.

“இன்னொருக்கா வாசியுங்கோ.”

இன்னொரு தரம் வாசித்தேன். ஒரு சொல் மாறவில்லை. குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்றைக்குச் சொல்லி ஆறுதல் அடைய ஒன்றாவது இருந்திருக்கும்.

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. இயக்குநரைப் பார்த்து, தெரிந்த சிங்களத்தில், “பொஹோம ஸ்தூதி” என்று கும்பிட்டார். கதையைத் தந்தவர் தனக்கு நன்றி சொல்கிறாரே என்று அவர் உருகிப்போய் எழுந்து நின்று திரும்பக் கும்பிட்டார். டீச்சர் தமிழில் கையொப்பமிட்டார். பிரதியை மடித்து அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர், யாராவது ஒருவர், அந்த அலுமாரியைத் திறந்தால் போதும்...

ஒருவரும் திறக்கவில்லை.

படத்தில் ஆறுமுகத்தின் பெயரை மாற்றினோம். தட்டை மாற்றவில்லை. நடிகருக்கு அந்தத் தட்டைச் சொல்லிக் கொடுத்தவன் நான். வேலாயுதம் எப்படி விரலை மடிப்பார், இரண்டு தட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவார், தட்டியபின் எப்படி ஓரடி பின்வாங்கி நிற்பார்... எல்லாம் என் வீட்டு வாசலில் பார்த்ததுதானே! நடிகர் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நான் மறக்க நினைக்கிறேன்.

கண்டியில் படம் வெளியான அன்று, பகல் காட்சிக்கு டீச்சர் வேலாயுதத்தையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். என்னிடம் சொல்லவில்லை, எனக்கு ஆச்சரியம் தர வேண்டுமாம். திரையரங்கு வாசலில் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். வேலாயுதம் வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, தலை வாரியிருந்தார். அவர் மனைவி கல்யாணத்துக்குப் போவதுபோல பட்டுடுத்தியிருந்தார்.

“படத்திலை கதிரை போட்டு இருத்துறதை இவர் பாக்கவேணும் தம்பி. அதுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்” என்றார் டீச்சர்.

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். தலையிடி என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? “வாங்க, வாங்க” என்று உள்ளே அழைத்துப்போய் நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்தேன். பின் வரிசையில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

என் பெயர் திரையில் வந்தது. ஆளுயரத்தில். வேலாயுதம் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்.

இடைவேளை வரைக்கும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நடிகர் தட்டும்போதெல்லாம் மனைவியின் கையைத் தொட்டுக் காட்டினார். கடைசிக் கட்டம் வந்தது. பூட்டிய அறைக்குள் உப அதிபர். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. டொக்... டொக். கதவு திறக்க, கையில் ஆய்வுகூடத்துச் சாவிக்கொத்தோடு அந்த மனிதர் நிற்கிறார். அரங்கம் அலறி, பிறகு விசிலடித்தது. எனக்கு முன்னால் இருந்த மூன்று தலைகள் மட்டும் அசையவில்லை.

அந்த விசில் சத்தத்தில் எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. இதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று தலைகளையும் பார்த்துக்கொண்டே, நான் நினைத்த இடத்தில் சனம் அலறியதே என்று மகிழ்ந்தேன். என்ன பிறவி நான்?

வெளியே வந்தபோது டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலாயுதம்தான் என்னிடம் வந்தார்.

“படம் நல்லாருக்குங்க சேர். அந்த நடிகர் அச்சா என்னையப்போலயே தட்டுறாரு.” தன் விரலைப் பார்த்துக்கொண்டார். “ஆனா நான் அப்படி ஒண்ணும் செய்யலியே சேர்... டீச்சருக்குத் தெரியுமே.”

அவர் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

அடுத்த வாரமே தொடங்கிவிட்டது. அவர் தட்டினால் உள்ளே பிள்ளைகள் வீரிட்டு அலறின. பாதி பயம், பாதி விளையாட்டு. பெண்கள் சன்னலால் பார்த்துவிட்டு, “இன்னிக்கு ஒண்ணும் வேணாம்” என்றார்கள். பஸ் தரிப்பிடத்தில் அவரைக் கண்டால் பெடியன்கள் தகர வேலியில் இரண்டு தரம் தட்டிவிட்டு ஓடினார்கள். பொலிஸ் கொண்டுபோன பழைய கதையை, அப்போது பிறந்தே இராதவர்கள் எல்லாம் கண்ணால் கண்டதுபோலச் சொன்னார்கள். ‘உண்மைச் சம்பவமாம்’ என்று படத்துக்கு அது நல்ல விளம்பரமாகவும் ஆயிற்று.

அவர் தட்டுவதை விட்டுவிட்டார். இப்போது வாசலில் வந்து சும்மா நிற்கிறார். யாராவது தற்செயலாக வெளியே வந்து கண்டால் வாங்குவார்கள். காணாவிட்டால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டார். போகாமல் இருக்க முடியவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களையும் ஏமாத்திப் போட்டாங்கள் என்ன தம்பி? ஏழாம் பிரிவிலை அவ்வளவு வடிவா எழுதித் தந்திட்டு... எப்பவும் கடதாசியிலைதான் எங்களை வெண்டுபோடுவாங்கள்.”

அந்த இளைஞன், “மிஸ்ஸுக்கு மனம் நோகாதா?” என்று கேட்டவன்! அவன் மேல், அவன் இனத்தின் மேல் அந்தப் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு, “ஆமாங்க டீச்சர்” என்றேன்.

வழக்குப் போடலாமா என்றார். வழக்கென்றால் பத்திரம் வேறு கைக்குப் போகும். “வருசக்கணக்கா இழுக்கும் டீச்சர், முதல்ல ஒரு கடிதம் எழுதிப் பார்ப்போம்” என்றேன். டீச்சர் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்துவிட்டீர்கள், எழுத்தில் கொடுத்த வாக்கை மீறிவிட்டீர்கள்... அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சிங்களத்தில் ஆக்கினேன். எப்படி ஆக்கினேன் தெரியுமா? படம் பார்த்தேன், மிக்க மகிழ்ச்சி, தங்கள் திறமைக்கு என் ஆசி... கடைசியில், வாசிக்கத் தெரியாமலே டீச்சர் போட்டுத் தந்த கையொப்பம்!

இயக்குநர் உடனே பதில் எழுதினார். நன்றி, நன்றி என்று ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை டீச்சருக்கு முன்னால் விரித்து வைத்து நான் வாசித்தேன்: படத்தில் ஆறுமுகம் என்ற பெயரே இல்லை, ஆகவே ஏழாம் பிரிவு மீறப்படவில்லை.

“கெட்டிக்காரர்” என்றார் டீச்சர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். நான் புறப்படும்போது, “ரெண்டாந்தரமும் அந்த மனுசனை நான்தான் காட்டிக் குடுத்தனான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது எனக்குக் கேட்டது. கேட்காததுபோலச் செருப்பைப் போட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகு ஒன்று மிஞ்சியிருந்தது. ஒரு நாள் இயக்குநரைக் கண்டி நகரில் சந்தித்தேன். டீச்சரின் கடிதத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். “உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மிஸ் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். நாவலில் ஓரிடத்தில் மட்டும் வந்துபோகிற அதிபரின் மனைவியைக் கொலைகாரியாக்கலாம் என்று எனக்கு இன்னொரு யோசனை இருந்தது. அதுவும் நன்றாகத்தான் வந்திருக்கும்” என்றார்.

கேட்டீர்களா?

சொல்லியிருந்தால் போதும். பொய்யே தேவைப்பட்டிருக்கவில்லை. படம் வந்திருக்கும், என் பெயரும் ஒருவேளை வந்திருக்கும், வேலாயுதம் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். நான் ஒன்றுக்கும் இல்லாமல் இதைச் செய்தேன்! அவருக்குக் கைகொடுத்துவிட்டு வந்து, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் நின்றேன்.

ஏன் இப்போது எழுதுகிறேன்? மனம் திருந்தியா? அவசரப்பட்டு என்னை நல்லவனாக்கிவிடாதீர்கள். தமிழில் எழுதுகிறேன், இயக்குநரால் வாசிக்க முடியாது. டீச்சருக்கு இப்போது இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு அவர் கூப்பிடுவது என்னைத்தான்.

இன்னும் ஒன்று. இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். டீச்சரின் பெயர் அது அல்ல. வேலாயுதத்தின் பெயரும் அது அல்ல. அவர் நிரபராதி என்று ஊர் அறிய வேண்டுமானால் உண்மைப் பெயர்தான் வேண்டும். எனக்கு அது தெரியும். எழுதிப் பார்த்தேன். எழுதி, அடித்துவிட்டேன். அந்தப் பெயர் இருந்தால் என் பெயரையும் கண்டுபிடித்துவிடுவீர்களே... ஆகவே நீங்கள் வாசிக்கும் இதுவும் மூலத்துக்கு அமைவானது அல்ல.

போன வெள்ளிக்கிழமை காலையில் மழை. கண்ணாடிச் சன்னலின் திரையை விலக்கினேன். வாசலில் அவர் நின்றார். பையைப் பொலித்தீனால் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். விரலை மடித்துக் கையைக் கதவு வரை உயர்த்தினார். பிறகு இறக்கிக்கொண்டார். ஓரடி பின்வாங்கி, தாழ்வாரம் ஒழுகும் இடத்தில் நின்றார்.

குசினியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: “என்னங்க, வாசல்ல யாராச்சும் நிக்கிறாங்களா? இன்னிக்கு வெள்ளிக்கிழமை, ஊதுபத்தி முடிஞ்சிருச்சு. அந்த அண்ணன் வந்தா ரெண்டு பக்கெட் வாங்கணும்.”

“யாருமில்ல” என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். தட்டியிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும்.